ஐசியு மானிட்டரைக் குழப்பிய வாக்கி-டாக்கி: ஒரு ரேடியோ குறுக்கீட்டைத் துரத்திப் பிடித்த பதிவு

மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடியோ குறுக்கீடு என்றதும் பல இடங்களில் "செல்போனை அணைக்கவும்" என்று ஒரு பலகை மாட்டுவதோடு விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் அலையைத் தடுக்க அறை முழுக்கத் தாமிர வலை அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். எங்கள் ஐசியுவில் ஒரே ஒரு படுக்கையில் வந்த தொல்லையைத் துரத்திக்கொண்டு போனபோது எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்றுதான்: அலை பெரும்பாலும் கேபிள் வழியாகத்தான் கருவிக்குள் நுழைகிறது. கேபிளின் உடல்நிலையையும் டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கவனித்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். எப்படிப் போனேன் என்று கணக்குகளோடு சொல்கிறேன், உங்கள் இடத்தில் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள்.

தொல்லை இதுதான். அந்தப் படுக்கையின் மானிட்டரில் ஈசிஜி கோடு திடீரென்று பல் பல்லாகத் தடித்துப் போகும், இதயத் துடிப்பு 80-லிருந்து 200 பக்கம் தாவும், சில சமயம் லீட் (மார்பில் ஒட்டிய எலக்ட்ரோடிலிருந்து வரும் கம்பி) கழன்றுவிட்டது என்று செய்தி வரும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நோயாளிக்கு ஒன்றும் இருக்காது. அதே திரையில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரின் அலை எந்தக் கலக்கமும் இல்லாமல் ஓடும், அதிலிருந்து வரும் நாடித் துடிப்பு 80 என்றே நிற்கும். ஈசிஜி 200 என்கிறது, விரல் 80 என்கிறது என்றால் முதலில் நோயாளியைப் பாருங்கள், அவர் நன்றாக இருக்கிறார் என்று உறுதியான பிறகு ஈசிஜி பாதையைச் சந்தேகப்படுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

எனக்குக் கவலை தந்தது பொய் எண்ணைவிட அந்த அலாரத்துக்கு வார்டு பழகிக்கொண்ட விதம். சிஸ்டர்கள் ஓடி வந்து பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்று அமர்த்துவார்கள், இது நாள் முழுக்க நடந்தால் அந்தப் படுக்கையின் சத்தத்துக்கு மட்டும் யாருடைய கால்களும் வேகமாக நகராது. உண்மையான ஆபத்து வரும் நாளில் அதுவும் அதே சத்தம்தான். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நம்ப முடியாத அலாரத்தை அவர்கள் கையில் கொடுத்து வைத்திருப்பது நம் பிரச்சினை.

முதலில் வழக்கமான காரணங்கள். ஜெல் காய்ந்த எலக்ட்ரோடு, சுத்தம் செய்யாத தோல், முறிந்த லீட் கம்பி, நடுக்கம், மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். எலக்ட்ரோடு எல்லாம் புதிதாக ஒட்டினோம், தொல்லை போகவில்லை. அப்புறம் பக்கத்துப் படுக்கையின் மானிட்டரை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்தோம், கேபிள் அந்தந்தப் படுக்கையிலேயே இருந்தது. தொல்லை மானிட்டரோடு போகவில்லை, படுக்கையோடு இருந்தது. அதாவது மானிட்டரின் உள்ளே இருக்கும் போர்டு காரணம் இல்லை. ஒன்று இடம், அல்லது அங்கேயே இருந்த கேபிள், அல்லது இரண்டும். கடைசியில் இரண்டும்தான் என்று தெரிந்தது.

துப்பு கிடைத்தது காகிதத்திலிருந்து. படுக்கையருகே ஒரு தாளைக் கட்டித் தொங்கவிட்டு, அலாரம் வரும்போதெல்லாம் நேரம், அப்போது பக்கத்தில் என்ன கருவி ஓடியது, யார் வந்தார்கள் என்று எழுதச் சொன்னேன். கூடவே மானிட்டரின் பிரிண்டரில் ஒரு துண்டு எடுத்து ஒட்டச் சொன்னேன். வேலை நெருக்கடியிலும் சிஸ்டர்கள் இதை ஒழுங்காகச் செய்தார்கள், அவர்கள் எழுதியது இல்லையென்றால் நான் இன்னமும் இருட்டில்தான் தேடிக்கொண்டிருப்பேன்.

பிரிண்ட் துண்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், ஒரு அளவுகோல் போதும். ஈசிஜி தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் பற்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இருக்கும். எங்கள் துண்டுகளில் பற்கள் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே சீராக நின்றன. ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 60 மில்லி விநாடி, அதாவது விநாடிக்குப் பதினாறு, பதினேழு முறை. உடம்பிலிருந்து இவ்வளவு சீராக எதுவும் வராது, மின்விநியோகத்தின் அதிர்வெண்ணும் இது இல்லை. ஆனால் டிஎம்ஆர் வகை டிஜிட்டல் வாக்கி-டாக்கி தன் நேரத்தை 30 மில்லி விநாடித் துண்டுகள் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது, கையில் இருக்கும் கருவி ஒரு துண்டில் மட்டும் அலையை வீசி அடுத்த துண்டில் அமைதியாக இருக்கும். ஆக ஒரு சுற்று 60 மில்லி விநாடி. எங்கள் பாதுகாப்பு ஊழியர்களுக்குப் பழைய அனலாக் கருவிகளை மாற்றி டிஜிட்டல் கொடுத்திருந்தார்கள். தாளில் சிஸ்டர்கள் எழுதிய நேரங்களும் ரோந்து வரும் நேரத்தோடும், நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் இடம் மாற்றும் நேரத்தோடும் பொருந்தின. அந்தப் படுக்கையின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதை. ஊழியர் அங்கே சுவரோரமாக நின்றுதான் லிஃப்டுக்குத் தகவல் சொல்வார்.

150 மெகாஹெர்ட்ஸில் ஓடும் வாக்கி-டாக்கி அலை, 40 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பார்க்காத மானிட்டரை எப்படிக் குழப்புகிறது என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார், நியாயமான கேள்வி. ஈசிஜி சிக்னல் ஒரு மில்லிவோல்ட் அளவுதான். அதைப் பெருக்கும் சர்க்யூட்டின் வாசலில் இருக்கும் டிரான்சிஸ்டர், பாதுகாப்பு டயோடு எல்லாம் பலமான ரேடியோ அலை வந்தால் பழைய ரேடியோவின் டிடெக்டர் போல வேலை செய்ய ஆரம்பித்துவிடுகின்றன. அலையின் வேகமான அதிர்வு மறைந்து, அதன் உயரம் ஏறி இறங்குவது மட்டும் கீழ் அதிர்வெண் சிக்னலாக வெளியே வருகிறது. வாசலைத் தாண்டிய பிறகு வடிகட்டியால் அதை ஈசிஜியிலிருந்து பிரிக்க முடியாது. பழைய அனலாக் வாக்கி-டாக்கி எஃப்எம் முறையில் ஓடுவதால் அதன் அலையின் உயரம் மாறாது. பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் கோடு ஒரு முறை துள்ளும், அவ்வளவுதான். டிஜிட்டல் கருவியோ விநாடிக்குப் பதினாறு, பதினேழு முறை அலையை ஏற்றி இறக்குகிறது, அந்த வேகம் மானிட்டர் பார்க்கும் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் ஜன்னலுக்குள் நேராக விழுகிறது. ஜிஎஸ்எம் (2ஜி) செல்போன் 217 ஹெர்ட்ஸில் துடிக்கும், ஸ்பீக்கரில் கேட்கும் அந்தக் கரகரப்பு அதுதான். அதன் பெரும்பகுதியை மானிட்டரின் வடிகட்டி தடுத்துவிடும். ஆகவே "முன்பெல்லாம் வாக்கி-டாக்கி இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்று நிர்வாகத்தில் கேட்டால் இந்தப் பதில் போதும்.

இப்போது தூரக் கணக்கு. ஒரு டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் மின்புலத்தை மோசமான நிலைக்கு இப்படிப் போட்டுக்கொள்ளலாம்: வாட்டின் வர்க்கமூலத்தை ஏழால் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று வரும். 5 வாட் கருவி, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் 10 வோல்ட்டுக்கு மேல். கையில் பிடிக்கும் கருவியின் குட்டை ஆன்டெனா அவ்வளவு திறமையானது இல்லை என்று பாதியாகக் குறைத்தாலும் 5 வோல்ட். இந்த அதிர்வெண்ணுக்கு செங்கல் சுவர் பெரிய தடை இல்லை. எங்கள் மானிட்டரின் கையேட்டைப் புரட்டினால் கடைசிப் பக்கங்களில் மின்காந்த ஒத்திசைவு (இஎம்சி, அதாவது குறுக்கீட்டைத் தாங்கும் திறன்) அட்டவணை இருக்கிறது, அதில் 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து மீட்டருக்கு 3 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. அதாவது தாங்கும் என்று சொன்னதைவிட அதிகமாகவே நாம் கொடுத்துக்கொண்டிருந்தோம். கருவி பொய் சொல்லவில்லை.

அந்த அட்டவணை மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஈசி 60601-1-2 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருவது. 2007 பதிப்பைப் பின்பற்றும் கருவிகளில் பிரிவுத் தூரம், அதாவது டிரான்ஸ்மிட்டர் தள்ளி நிற்க வேண்டிய தூரம், என்று ஒரு சூத்திரமே இருக்கும்: மீட்டருக்கு 3 வோல்ட் தாங்கும் கருவிக்கு 800 மெகாஹெர்ட்ஸ் வரை வாட்டின் வர்க்கமூலத்தை 1.2-ஆல் பெருக்க வேண்டும், அதற்கு மேல் 2.3-ஆல். 5 வாட் வாக்கி-டாக்கிக்கு சுமார் 2.7 மீட்டர், உச்சத்தில் 2 வாட் வீசும் 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் போனுக்கு 3.3 மீட்டர். 2014-இல் வந்த நான்காம் பதிப்பு, கைக்கருவிகள் நெருக்கமாக வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, 30 சென்டிமீட்டர் தூரத்தைக் கணக்கில் வைத்துச் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் 9 வோல்ட், 27, 28 வோல்ட் என்று கடுமையாகச் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் கவனியுங்கள், அந்தப் பட்டியல் 385 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி அதில் இல்லை, மருத்துவமனைக் கருவிக்கு அங்கே பழைய 3 வோல்ட்தான். புது மானிட்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், எந்த அதிர்வெண்ணுக்கு என்று கேளுங்கள்.

அடுத்தது சோதனை. இதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: நோயாளி இணைந்திருக்கும் கருவி அருகே டிரான்ஸ்மிட்டரை வேண்டுமென்றே இயக்கிப் பார்க்கக் கூடாது, வார்டுக்குள்ளேயே கூடாது, பக்கத்துப் படுக்கையில் வென்டிலேட்டரோ மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்போ ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் அந்த மானிட்டரையும் அதே கேபிளையும் பட்டறைக்குக் கொண்டுவந்து, நோயாளிக்குப் பதில் இதயத் துடிப்பைப் போலியாகத் தரும் ஈசிஜி சிமுலேட்டரை மாட்டினோம். நிமிடத்துக்கு 60 துடிப்பு, ஒரு மில்லிவோல்ட். லீட் கம்பிகளை மார்பில் பரப்புவது போலவே மரமேசையில் பரப்பி வைத்தேன். இடத்திலேயே இப்படிச் சோதிப்பதற்கு ஏஎன்எஸ்ஐ சி63.18 என்று ஒரு வழிகாட்டு முறை இருக்கிறது, அதன் அடிப்படை எளிமையானது: தூரத்திலிருந்து, குறைந்த சக்தியில் தொடங்கி, மெதுவாக நெருங்கி, கருவியையும் ஆன்டெனாவையும் வெவ்வேறு திசையில் திருப்பிப் பார்த்து, எந்தத் தூரத்தில் என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்வது. ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் உங்கள் வாக்கி-டாக்கியும் உங்கள் மானிட்டரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிட நேராக யாரும் சொல்ல முடியாது.

டிஜிட்டல் நிலையில் முழுச் சக்தி வைத்தபோது கணக்கு சொன்ன தூரத்தைத் தாண்டியே, அறையின் மறுகோடியிலிருந்தே, கோட்டில் பற்கள் தெரிந்தன. கிட்டே வர வர எண் தாவியது. அதே கருவியை அனலாக் நிலைக்கு மாற்றினால் ஒரு துள்ளல் மட்டும். கேபிளை மானிட்டரிலிருந்து கழற்றிவிட்டு, வாசலின் முனைகளை ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிட்டுப் பார்த்தேன்: வாக்கி-டாக்கியை மானிட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனாலும் கோடு அசையவில்லை. இதுதான் முக்கியமான சோதனை என்பேன். அலை பெட்டியைத் துளைத்து வரவில்லை, கேபிள் ஏந்திக் கொடுக்கிறது. காரணமும் எளிது, 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர், பாதி 1 மீட்டர், ஈசிஜி லீட் கம்பிகளும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான். நல்ல ஆன்டெனா செய்ய வேண்டும் என்று நினைத்தால் அந்த நீளத்தைத்தான் வெட்டுவோம். கம்பிகள் செங்குத்தாகத் தொங்கி வாக்கி-டாக்கியின் ஆன்டெனாவுக்கு இணையாக இருக்கும்போது தொல்லை உச்சத்தில் இருந்தது. லீட்களைப் பரப்பாமல் ஒன்றாகச் சேர்த்து லேசாக முறுக்கிக் கட்டியபோது நன்றாகவே குறைந்தது. கம்பிகளுக்கு நடுவே இருக்கும் வளையத்தின் பரப்பு குறைந்தால் அது ஏந்தும் அலையும் குறையும்.

ஃபெரைட் கிளாம்பையும் (கேபிளைச் சுற்றிப் பிடித்து ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) போட்டுப் பார்த்தேன், முக்கியமாகக் கோளாறு எங்கே என்று அறிய. மானிட்டர் முனையில் போட்டால் பெரிய மாற்றம் இல்லை, லீட்கள் ஒன்றுசேரும் கட்டையருகே போட்டால் நல்ல மாற்றம், அதே கேபிளை ஃபெரைட்டுக்குள் இன்னொரு சுற்றுச் சுற்றினால் இன்னும் நல்ல மாற்றம். சுற்று கூடினால் தடை அதன் வர்க்கத்தில் கூடும், ஆனால் மூன்று நான்கு சுற்றுக்கு மேல் சுற்றுகளுக்கு இடையே இருக்கும் கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) வழியாகவே அலை தாண்டிவிடுவதால் இந்த அதிர்வெண்ணில் பயன் இல்லை. ஃபெரைட் வாங்கும்போது எந்தக் கலவை என்று பாருங்கள். சுவிட்சிங் பவர் சப்ளையின் கீழ் அதிர்வெண் இரைச்சலுக்கு ஆனது 150 மெகாஹெர்ட்ஸில் சுமாராகத்தான் வேலை செய்யும். ஆனாலும் ஃபெரைட்டை நிரந்தரத் தீர்வாக நான் விடவில்லை. நோயாளியின் மார்புக் கேபிளில் கனமான கட்டி தொங்கினால் எலக்ட்ரோடை இழுக்கும், உடைந்தால் துண்டு படுக்கையில் விழும், எல்லாவற்றுக்கும் மேல், அனுமதி பெற்ற ஒரு மருத்துவக் கருவியில் தயாரிப்பாளர் சொல்லாத ஒன்றை நாமாகச் சேர்ப்பது சரியில்லை.

பிறகு அதே மாடல் புதுக் கேபிளை மாட்டியதும் வேறு உலகம். பற்கள் தெரிய வாக்கி-டாக்கி மிகவும் நெருங்கி வர வேண்டியிருந்தது. பழைய கேபிளில் என்ன கோளாறு என்று பார்க்க, கனெக்டரின் உலோகக் கூட்டுக்கும் மறுமுனைக் கட்டையில் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசம்) வந்து சேரும் இடத்துக்கும் மல்டிமீட்டரை வைத்து, கேபிளை முனையருகே மெதுவாக வளைத்தேன். ஒரு கோணத்தில் பூஜ்ய ஓம், இன்னொரு கோணத்தில் இணைப்பே இல்லை. கழித்துப் போட வேண்டிய கேபிள் என்பதால் அறுத்தே பார்த்தேன். வெளியே பின்னல் ஷீல்டு அழகாக இருக்கிறது, ஆனால் கனெக்டருக்குள் அதைச் சுற்றிலும் கூட்டோடு பிடிக்காமல், ஒரு வால் போலத் திரித்து ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கொண்டுபோய் ஒரு பின்னில் பற்றவைத்திருந்தார்கள், அந்தப் பற்றவைப்பும் விரிசல் விட்டிருந்தது.

இந்த வால் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நல்ல கேபிளையும் இது கெடுக்கும். கம்பியின் தூண்டம் (இண்டக்டன்ஸ்) மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. ஐந்து சென்டிமீட்டர் வால் என்றால் 50 நானோஹென்றி, 150 மெகாஹெர்ட்ஸில் அது 47 ஓம் தடை. மல்டிமீட்டர் பூஜ்யம் என்று காட்டும் அதே இணைப்பு ரேடியோ அலைக்கு 47 ஓம், 900 மெகாஹெர்ட்ஸில் 280 ஓமுக்கு மேல். ஷீல்டு பிடித்த அலைக்குத் தரைக்குப் போக வழி இல்லை, உள்ளே இருக்கும் கம்பிகளுக்குத் தாவிவிடும். ஷீல்டு 360 டிகிரியும் கூட்டைத் தொட்டுப் பிடிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மாற்றுக் கேபிள் வாங்கும்போது கனெக்டர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், உள்ளே ஷீல்டு எப்படி முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஷீல்டு போட்ட லீட் கம்பித் தொகுப்பும் கிடைக்கிறது, அந்தப் படுக்கைக்கு இப்போது தயாரிப்பாளரிடமிருந்தே வந்த அதைத்தான் போட்டிருக்கிறோம்.

இடத்தின் பக்கம் செய்தது இன்னும் எளிது. பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பாளரைப் பட்டறைக்கே கூப்பிட்டு, சிமுலேட்டரில் 60 ஓடும்போது அவர் கையாலேயே பொத்தானை அழுத்தச் சொன்னேன். எண் தாவுவதைப் பார்த்த பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. ஐசியுச் சுவரை ஒட்டிய நடைபாதையில் தரையில் கோடு போட்டு, அந்தப் பகுதிக்குள் வாக்கி-டாக்கியில் பேச வேண்டாம், கேட்கலாம் என்று முடிவு செய்தார்கள். உள்கட்டடத்தில் முழுச் சக்தி தேவையில்லை என்பதால் கருவிகளை 1 வாட்டுக்குக் குறைத்தார்கள். சக்தியை ஐந்தில் ஒன்றாக்கினால் மின்புலம் பாதிக்கும் கீழே போகும், தூரத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகப் பாதியாகும். தூரம் இலவசம். நெருக்கடி நேரத்தில் யாரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பதும் உண்மை, அதனால்தான் கேபிளையும் சேர்த்துச் சரிசெய்தோம்.

செல்போன் பற்றிக் கேட்பவர்களுக்கு: 4ஜி போனின் உச்சச் சக்தி 0.2 வாட், அதே கணக்கைப் போட்டால் ஒரு மீட்டரில் 3 வோல்ட்டைச் சுற்றி வரும். கருவியின் மேலேயே போனை வைக்காமல் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் பொதுவாகப் போதும். இன்னொன்று, கட்டடத்துக்குள் சிக்னல் மோசமாக இருந்தால் போன் தன் முழுச் சக்தியில் கத்தும், சிக்னல் நன்றாக இருந்தால் மிகக் குறைந்த சக்தியில் பேசும். ஆகவே உள்ளே சிறு ஆன்டெனாக்கள் வைத்துச் சிக்னலை மேம்படுத்துவது குறுக்கீட்டைக் குறைக்கிற வேலைதான்.

தாமிர வலை யோசனை எங்கள் இடத்திலும் வந்தது, நான் வேண்டாம் என்றேன். எம்ஆர்ஐ அறையை அப்படித்தான் கட்டுகிறார்கள், 1.5 டெஸ்லா கருவி 64 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மிக மெல்லிய சிக்னலைக் கேட்க வேண்டியிருப்பதால். ஆனால் அங்கே கதவின் விளிம்பு முழுக்க உலோக விரல்கள், உள்ளே போகும் ஒவ்வொரு கம்பிக்கும் வடிகட்டி, குழாய்கள் போகும் துளைக்கு நீண்ட உலோகக் குழல் என்று எல்லாம் சேர்ந்துதான் கவசம். குழலின் நீளம் அதன் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு இருந்தால், அதன் வெட்டு அதிர்வெண்ணுக்கு (அதற்குக் கீழே உள்ள அலை குழலுக்குள் ஓட முடியாத எல்லை) நன்றாகக் கீழே உள்ள அலையை 100 டெசிபெலுக்கு மேல் அடக்கும். 25 மில்லிமீட்டர் குழலுக்கு அந்த வெட்டு 7 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அந்தக் குழல் வழியே ஒரு கம்பியை விட்டால் எல்லாம் போயிற்று. ஐசியுவில் கதவு எப்போதும் திறந்து மூடும், நூறு கம்பிகள் உள்ளே வரும். சுவரில் மட்டும் வலை அடித்தால் அலை கதவு வழியே வரும், உள்ளே இருப்பவரின் போன் அலை வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே எதிரொலித்துச் சில இடங்களில் இன்னும் பலமாகும், நோயாளியின் அளவுகளைக் கம்பியில்லாமல் அனுப்பும் வயர்லெஸ் டெலிமெட்ரியும் நின்றுபோகும்.

டெலிமெட்ரி என்றதும் ஒன்று: 1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் டல்லஸில் ஒரு டிவி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தபோது, அதே அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையின் இதயக் கண்காணிப்பு டெலிமெட்ரி முடங்கியது. அதன் பிறகுதான், 2000-இல், அங்கே 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை மருத்துவ டெலிமெட்ரிக்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் டெலிமெட்ரி எந்த அலைவரிசையில் ஓடுகிறது, அது யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது உங்கள் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஸ்டோர் பிரிவு கருவிகளைத் தேடிப் பிடிக்க ஆர்எஃப்ஐடி பட்டை (ரீடர் ரேடியோ அலையால் படிக்கும் அடையாளச் சீட்டு) ஒட்டும் திட்டத்தோடு வந்தபோதும் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2008-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வு ஒன்று இருக்கிறது: 41 கருவிகள், 123 சோதனைகள், 34 குறுக்கீடுகள், அவற்றில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்டன. 868 மெகாஹெர்ட்ஸ் ரீடர்தான் அதிகம் தொல்லை கொடுத்தது. பட்டை ஒட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரீடரை ஐசியு வாசலிலும் பம்புகள் சார்ஜ் ஆகும் அலமாரியிலும் வைக்காமல், முதலில் பட்டறையில் நம் பம்புகளோடு சோதித்துவிட்டு இடத்தை முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

இதே காலத்தில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி அறையிலிருந்தும் ஒரு புகார். ஈஈஜி சிக்னல் பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட், ஈசிஜியைவிடப் பல மடங்கு சிறியது. அங்கே புதிதாக மாட்டிய எல்இடி விளக்கின் டிரைவர் குற்றவாளி. கண்டுபிடித்தது ஒரு சாதாரணப் பாட்டரி ரேடியோ: ஏஎம் பட்டையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தால் இரைச்சல் எங்கே ஏறுகிறது என்று காது சொல்லிவிடும். விளக்கை அணைத்தால் அமைதி, போட்டால் உறுமல். விளக்கை மாற்றினோம், முடிந்தது. ஆனால் எலக்ட்ரீஷியன் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஈஈஜி கருவியின் மின்வழியில் ஒரு பொதுவான மெயின்ஸ் ஃபில்டரைப் போடலாம் என்றார், அது வேண்டாம் என்று நிறுத்தினேன். அந்த ஃபில்டர்களில் மின்கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே கெபாசிட்டர் இருக்கும். 4.7 நானோஃபாரட் ஒன்று 230 வோல்ட்டில் 340 மைக்ரோஆம்பியரை எர்த்துக்குக் கசியவிடும். எர்த் கம்பி அறுந்தால் அந்த மின்னோட்டம் கருவியின் உடம்பைத் தொடுபவர் வழியே போகப் பார்க்கும், ஒரு பழுது நேர்ந்த நிலையில் தொடு மின்னோட்டத்துக்கான எல்லையே 500 மைக்ரோஆம்பியர், கருவியின் சொந்தக் கசிவு அதில் ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். மருத்துவ வகை ஃபில்டர் என்று தனியாக வருவதற்குக் காரணம் இதுதான். அதைப் போட்டாலும் போட்ட பிறகு ஐஈசி 62353 முறைப்படி கசிவு மின்னோட்டத்தை அளக்காமல் கருவியை வார்டுக்கு அனுப்பாதீர்கள்.

பழுது பார்ப்பவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. பிளாஸ்டிக் பெட்டிகளின் உட்புறம் மங்கலான உலோக நிறத்தில் பூசியிருப்பது கவசம், அதைச் சுரண்டாதீர்கள், ஒட்டுப்பசையை அதன் மேல் வைக்காதீர்கள். இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் இருக்கும் சிறு உலோக வில்கள் (ஸ்பிரிங்), மின்சாரம் கடத்தும் ரப்பர் நாடா, நான்கு மூலைக்கும் உள்ள திருகுகள், எல்லாமே மின் இணைப்புகள். கழற்றிய பம்பை மூடும்போது ஒரு வில் மிச்சமிருந்தால் பம்பு வழக்கம் போல ஓடும், எல்லாச் சோதனையிலும் தேறும், எப்போதோ ஒரு நாள் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர் வரும்போதுதான் காரணம் புரியாத பிழைச் செய்தியோடு நிற்கும். கழற்றும்போது படம் எடுத்துவைத்து, மூடும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தப் படுக்கையில் இப்போது பொய் அலாரம் நின்றுவிட்டது. அறுவை அரங்கில் மின் கத்தி ஓடும்போது மட்டும் ஈசிஜி இன்னும் கலங்குகிறது. அந்தக் கத்தி சில நூறு கிலோஹெர்ட்ஸில் உயர் மின்னழுத்தத்தை நோயாளியின் உடம்பிலேயே செலுத்துகிறது, அதைக் கேபிளால் மட்டும் தடுக்க முடியாது, மானிட்டரின் அறுவைநிலை வடிகட்டியைப் போட்டு, கத்தியின் கேபிளையும் ஈசிஜி கேபிளையும் ஒன்றுசேர்த்துக் கட்டாமல் தள்ளி வைத்து, நாடித் துடிப்பை ஆக்சிமீட்டரிலிருந்து எடுக்கிறோம். பராமரிப்புப் பட்டியலில் ஈசிஜி கேபிள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: ஷீல்டின் ஓம் அளவு நேராக வைத்து, அதே அளவு முனையை வளைத்து. வளைக்கும்போது எண் ஆடும் கேபிள் அன்றைக்கே வார்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.